சர்க்கரை இல்லை, கொழுப்பும் நார்மல். அம்மாவுக்கு மாரடைப்பு எப்படி வந்தது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். அம்மாவுக்கு 54 வயது. பதினோரு வருடமாக முடக்குவாதம் என்ற மூட்டு நோய். சர்க்கரை இல்லை, ஆறு மாதத்துக்கு முன் எடுத்த கொழுப்புப் பரிசோதனை நார்மல். இரண்டு நாளாக இடது தோள்பட்டை வலிக்கிறது என்றார். வழக்கமான மூட்டு வலிதானே என்று தைலம் தேய்த்து, வலி மாத்திரை கொடுத்தீர்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்குப் போனால் மாரடைப்பு என்றார்கள், அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வைத்து அனுப்பியிருக்கிறார்கள். "வேறு எந்த நோயும் இல்லாதவருக்கு இது எப்படி வந்தது?" என்பது முதல் கேள்வி. 61 வயது அப்பாவுக்குச் சர்க்கரையும், ரத்தத்தில் 1.9 கிரியேட்டினினும் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ஏறுகிற எண்) இருக்கிறதே, அவருக்கும் பயப்பட வேண்டுமா என்பது இரண்டாவது. அம்மா பழனிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார், படியேறலாமா என்பது கடைசி.

தைலம் தேய்த்ததை நினைத்து நீங்கள் உங்களையே குத்திக்கொண்டிருப்பது எழுத்தில் தெரிகிறது. வேண்டாம். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மருத்துவம் படித்த நானே செய்திருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

"வேறு எந்த நோயும் இல்லாதவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அம்மாவுக்கு முடக்குவாதம் இருந்தது. இதயத்தைப் பொறுத்தவரை அது ஒன்றே போதுமான காரணம். இந்த உண்மையைப் பதினோரு வருடத்தில் ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் பணியில் சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு சந்தை நாளில், நாற்பத்தொன்பது வயது அம்மா ஒருவர் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். முடக்குவாதத்தை எங்கள் பக்கம் சரவாங்கி என்பார்கள், அந்த நோய் எட்டு வருடமாக. விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, டோக்கன் சீட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பிடித்திருந்தார். தோள் வலி என்றார். நானும் படித்ததைக் கேட்டேன்: "படியேறினால் நெஞ்சை அடைக்குதாம்மா?" அவர், "படியேறி நாலு வருஷம் ஆச்சு சார்" என்றார். அதை நான் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டேன். வலிக்கு ஊசி போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஈ.சி.ஜி.யில் இதயத்தின் முன்பக்கம் முழுக்கப் பாதிப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் அதன் பிறகு நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கும் நிலை. அன்றிலிருந்து நான் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. "ஒரு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச எந்த வேலையை இப்ப விட்டுட்டீங்க, ஏன் விட்டீங்க?" என்றுதான் கேட்பேன்.

இதயக் குழாயில் அடைப்பு இருப்பவர்களுக்கு உழைக்கும்போதுதான் நெஞ்சு வலிக்கும், ஓய்வெடுத்தால் விடும். அந்த வலிதான் இதயம் கொடுக்கிற முதல் எச்சரிக்கை. முடக்குவாதம் உள்ளவர் வேகமாக நடப்பதே இல்லை, குடம் தூக்குவதில்லை, மாடிக்குப் போவதில்லை. இதயத்துக்கு வேலையே கொடுக்காததால் எச்சரிக்கை வருவதற்கு வழியில்லாமல் போகிறது. வந்தாலும், தோளிலும் கழுத்திலும் தாடையிலும் வருகிற வலி ஏற்கெனவே அங்கே குடியிருக்கிற மூட்டு வலியோடு கலந்துவிடுகிறது. அமெரிக்காவில் மேயோ கிளினிக் இருக்கும் வட்டாரத்தில் முடக்குவாத நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் நெஞ்சு வலி என்று சொல்லி வருவது குறைவு. தெரியாமலே மாரடைப்பு வந்து போயிருப்பதும், திடீரென்று இறப்பதும் அதிகம். உங்கள் அம்மாவின் கதை அதில் வருகிற கதைதான்.

சரி, மூட்டு நோய் எப்படி இதயத்துக்குப் போகிறது? முடக்குவாதம் என்பது தேய்மானம் இல்லை. உடலின் எதிர்ப்பு சக்தி வழி தவறித் தன் மூட்டுகளையே தாக்குவது. அந்தச் சண்டையில் உண்டாகிற அழற்சிப் பொருட்கள் மூட்டோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் வழவழப்பாக இருந்தால்தான் ரத்தம் ஒட்டாமல் ஓடும். வருடக்கணக்கில் அழற்சி இருந்தால் அந்த வழவழப்பு போகிறது, அங்கே கொழுப்பு நுழைந்து படிகிறது. பலரும் இதைக் குழாய்க்குள் பாசி பிடிப்பதுபோல் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கொப்புளம் மாதிரி: உள்ளே கொழுப்புக் குழம்பு, மேலே ஒரு தோல். மாரடைப்பு பெரும்பாலும் அந்தத் தோல் கிழிகிற நிமிடத்தில் வருகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, முப்பது நாற்பது சதவீதமே அடைத்திருந்த குழாய்கூடச் சில நிமிடங்களில் முழுக்க மூடிக்கொள்ளும். தோலை அரித்து மெலிய வைப்பது அழற்சிதான். ஆகவே, எத்தனை வருடம் நோய் இருந்தது என்பதைவிட, அதில் எத்தனை வருடம் கட்டுக்கடங்காமல் இருந்தது என்பது முக்கியம். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விரல் மடங்காமல் இருப்பது, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எப்போதும் ஏறியே இருப்பது, இதெல்லாம் கையில் தெரிகிற அளவுக்குக் குழாய்க்குள்ளும் நடக்கிறது.

கொழுப்பு நார்மலாக இருந்ததே என்கிறீர்கள். அந்த நார்மல்தான் இந்த நோயில் ஏமாற்றுவது. அழற்சி தீவிரமாக இருக்கும்போது மொத்தக் கொழுப்பும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லும் இயல்பைவிடக் கீழே இறங்கும். ஆபத்து மேலே போகும், எண் கீழே வரும். சரியான மருந்து கொடுத்து மூட்டு அடங்கிய பிறகு எல்.டி.எல். ஏறும், சிலர் பயந்துபோய் "இந்த மாத்திரையால்தான் கொழுப்பு கூடிவிட்டது" என்று மூட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. அழற்சி மறைத்து வைத்திருந்த உண்மையான அளவு அப்போதுதான் வெளியே வருகிறது. முடக்குவாதம் உள்ளவருக்கு, நோய் அடங்கியிருக்கும் காலத்தில் எடுக்கிற கொழுப்புப் பரிசோதனையைத்தான் நம்பலாம்.

இன்னொன்று. அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட அட்டவணைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை வயது, ஆணா பெண்ணா, புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றைத்தான் கேட்கும். அமெரிக்காவின் 2013ஆம் வருடக் கணக்கியும் கிட்டத்தட்ட அப்படித்தான். உங்கள் அம்மாவை அதில் போட்டால் 'ஆபத்து குறைவு' என்றே வந்திருக்கும். பிரிட்டனில் பயன்படுத்துகிற கியூரிஸ்க் கணக்கி மட்டும் முடக்குவாதம் உண்டா, லூபஸ் (எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் இன்னொரு நோய்) உண்டா, சிறுநீரக நோய் உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை உண்டா என்று தனித்தனியாகக் கேட்கும். ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு ஒரு எளிய வழி சொல்கிறது: முடக்குவாதத்தைக் கணக்கில் எடுக்காத அட்டவணையில் என்ன எண் வந்தாலும் அதை 1.5ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். போதாததற்கு, நம் பக்கத்து மக்களுக்கு மாரடைப்பே சீக்கிரம் வருகிறது. பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்தது சுமார் 53 வயதில்; மற்றவர்களுக்கு 59ஐ ஒட்டி. அம்மாவுக்கு 54.

இனி மாத்திரைகள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

மூட்டு வலி நோயாளிகள் என்னிடம் வரும்போது, "என்னென்ன சாப்பிடுறீங்க, எல்லாத்தையும் கொட்டுங்க" என்பேன். மெடிக்கல் ஷாப் கவரிலிருந்து மேசையில் விழுபவற்றில் பாதி, கத்தரித்த அட்டைகள். நாலு மாத்திரை வேண்டும் என்றால் நாலை வெட்டிக் கொடுப்பார்கள், பெயரும் தேதியும் அச்சான பகுதி கடையிலேயே தங்கிவிடும். கையில் இருப்பது வெள்ளித்தாளும், அதற்குள் ஒரு ஆரஞ்சு நிற மாத்திரையும். "இது என்ன?" என்றால், "வலிக்கிறப்ப போடுறதுங்க." பெரும்பாலும் அது டைக்ளோபினாக், அல்லது டைக்ளோபினாக்கோடு பாரசிட்டமால் சேர்ந்த கூட்டு. வருடக்கணக்கில், தினமும், சீட்டே இல்லாமல்.

இந்த வகை வலி மாத்திரைகள் என்ன செய்கின்றன தெரியுமா? ரத்தத்தை உறைய வைக்கும் ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ள ரத்தக்குழாய்ச் சுவர் ஒரு பொருளைச் சுரக்கிறது. இவை அந்தச் சுரப்பைக் குறைத்துவிடும். சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். எந்த அளவுக்கு ஆபத்து என்பது உலகத்துக்குத் தெரிந்தது ரோஃபிகாக்சிப் மாத்திரையால். மெர்க் நிறுவனம் வயாக்ஸ் என்ற பெயரில் 1999இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வயிற்றைப் புண்ணாக்காத வலி மாத்திரை என்று பெரிய வரவேற்பு. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்ததும், 2004 செப்டம்பர் 30 அன்று உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். டைக்ளோபினாக்கின் இதய ஆபத்தும் அதே வகையில் சேர்கிறது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் எச்சரித்து, இதய நோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்றது. நம் ஊரில் இன்னமும் அது பெட்டிக்கடை மிட்டாய் மாதிரி கை மாறுகிறது. மாட்டுக்குப் போட்ட இதே மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியா முழுக்க அந்த இனத்தையே அழிவின் ஓரத்துக்குத் தள்ளியது; 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. நீலகிரி அடிவாரத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற சில நூறு பறவைகளை இன்று எண்ணி எண்ணிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பறவையின் சிறுநீரகத்துக்கு நடந்ததை, உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டும் அப்படியே. ப்ரெட்னிசோலோன் நல்ல மருந்து, சரியான நேரத்தில் சரியான அளவில் சில வாரங்களுக்குக் கொடுத்தால். ஆறேழு வருடம் தொடர்ந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் ஏற்றிவிடும். "நாட்டு மருந்துப் பொடி, ரெண்டே நாள்ல வலி போயிடும்" என்று லேபிள் இல்லாமல் விற்கிறவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. நாலைந்து மாதத்தில் முகம் உப்பி வட்டமாவதைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் வீட்டில் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் உயிருக்கு ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அம்மாவுக்கு இனி என்ன செய்வது? ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், இனி இதய மாத்திரை மட்டும் போதும் என்று மூட்டு மருந்தை ஓரம் கட்டிவிடாதீர்கள். இந்தத் தவறு நிறையவே நடக்கிறது. மூட்டை அடக்கி வைப்பதும் இதயத்துக்கான வைத்தியம்தான். முடக்குவாதத்துக்கான அடிப்படை மருந்து மெத்தோட்ரெக்சேட். அதை எடுக்கும் முடக்குவாத நோயாளிகளிடம் இதய மரணங்கள் குறைவாக இருப்பதை 2002இலேயே கவனித்திருக்கிறார்கள். (முடக்குவாதம் இல்லாத இதய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த 2018ஆம் வருட ஆய்வில் பலன் இல்லை. ஆகவே அது இதயத்துக்கான பொது மருந்து இல்லை, முடக்குவாதத்தை அடக்குவதன் வழியாகவே அதன் நன்மை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.) அது வாரம் ஒரு நாள் மாத்திரை. இப்போது தினசரி மாத்திரைகள் ஏழெட்டு சேர்ந்திருக்கும், அந்தக் கூட்டத்தில் இதையும் தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் அடியோடு குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். வியாழனோ ஞாயிறோ ஒரு கிழமையை முடிவு செய்து, காலண்டரில் வட்டம் போட்டு, அந்த அட்டையை மற்ற மாத்திரைகளோடு வைக்காமல் தனி டப்பாவில் வையுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினோடு கொடுத்திருக்கும் இரண்டாவது ரத்த மாத்திரை, அது குளோப்பிடோக்ரெல்லோ டிகாக்ரெலாரோ, பொதுவாக ஒரு வருடம்; ஆஸ்பிரின் அதற்குப் பிறகும் தொடரும். பல் பிடுங்க வேண்டும் என்றாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. குளோப்பிடோக்ரெல் என்றால், வயிற்றுக்கு ஓமிப்ரசோல் வேண்டாம்; அது குளோப்பிடோக்ரெல்லின் வேலையைக் குறைக்கிறது. பான்டோப்ரசோலாகக் கேட்டு வாங்குங்கள். ஐபுப்ரோஃபென் போட்டால் ஆஸ்பிரினால் வருகிற பாதுகாப்பே கெட்டுப்போகும். இரண்டு ரத்த மாத்திரைகளோடு டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை எது சேர்ந்தாலும் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். அப்புறம் வலிக்கு என்னதான் செய்வது என்பீர்கள். முதலில் பாரசிட்டமால், மருத்துவர் சொல்கிற அளவோடு. தண்ணீரில் போட்டால் நுரைக்கிற வகை வேண்டாம், அதில் உப்பு அதிகம். ஒன்றிரண்டு மூட்டு மட்டும் வலித்தால் மேலே தடவுகிற ஜெல். அதிலிருந்து ரத்தத்துக்குள் போவது மிகக் கொஞ்சம். அதற்கும் அடங்கவில்லை என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். வலி மாத்திரையைக் கூட்டாமல் மூட்டு மருத்துவரிடம் போய் அடிப்படை மருந்தை மாற்றச் சொல்ல வேண்டும். அப்படி மாற்றும்போது டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரை பேச்சில் வரலாம், விலை குறைந்துவிட்டதால் இப்போது பரவலாக எழுதுகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல், இதய ஆபத்து உள்ளவர்களிடம் அதனால் மாரடைப்பும் புற்றுநோயும் கூடுதலாக வந்ததை 2022இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. "அம்மாவுக்கு ஸ்டென்ட் இருக்கிறது, வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பற்றி வீடுகளில் நிறைய பயம் இருக்கிறது. அம்மாவுக்கு அது கட்டாயம். 'கொழுப்பு நார்மல்தானே' என்ற பேச்சு இனி இல்லை. அவரைப் போன்றவருக்கு எல்.டி.எல். 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இதய மருத்துவர்களின் இலக்கு. மூட்டு வலியா, ஸ்டாட்டினால் வந்த தசை வலியா என்று குழப்பம் வரும். மூட்டு வலி காலையில் விறைப்போடு வந்து, நடமாட நடமாடக் குறையும். தசை வலி தொடையிலும் தோளிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். சந்தேகம் என்றால் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று போதும்.

முடக்குவாதம் மட்டும்தானா என்றால், இல்லை. சோரியாசிஸ் என்ற தோல் நோயும் தோலோடு நிற்பதில்லை. லூபஸ் இன்னும் மோசம்: 35 முதல் 44 வயதுக்குள் லூபஸ் உள்ள பெண்களுக்கு, அதே வயதுப் பெண்களைவிட ஐம்பது மடங்கு மாரடைப்பு வந்ததை 1997இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் கண்டுபிடித்தபோது அது மரண தண்டனை. இன்று கூட்டு மருந்தால் அறுபது, எழுபது வயது வரை வாழ்கிறார்கள், அந்த வயதில் மாரடைப்பு வருகிறது. ஸ்டாட்டின் கொடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கலாம் என்று 2023இல் தெரியவந்தது. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறிய பெண்கள், நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள், நெடுநாள் மனநோய் மருந்து எடுப்பவர்கள், இவர்களிடமும் இதயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தோல் மருத்துவர் தோலைப் பார்க்கிறார், நுரையீரல் மருத்துவர் நுரையீரலைப் பார்க்கிறார். வந்த நோய்க்கு எல்லோரும் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. எட்டு நிமிடத்தில் ஒருவரைப் பார்த்து அனுப்ப வேண்டிய நெருக்கடியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். இவரைப் பற்றித்தான் உடனடியாகச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. 61 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.9 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 40. அதாவது மூன்றாம் நிலைச் சிறுநீரக நோய். "டயாலிசிஸ் வந்துடுமோ" என்பதுதான் எல்லா வீட்டிலும் பயம். ஆனால் இந்த நிலையில் இருப்பவர்களில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட, அதற்கு முன்பே இதயத்தால் இறப்பவர்கள் அதிகம். சிறுநீரகம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பாஸ்பரஸ் தேங்கி ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும், ரத்தம் குறைந்து இதயம் கூடுதலாக உழைக்கும். சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் நரம்பு மரத்து, மாரடைப்பு வந்தாலும் வலிக்காமல் போகலாம்.

அவருக்கு முதலில் சிறுநீரில் அல்புமின், கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை போதாது. அந்த விகிதம் 30ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு மட்டும் அல்ல, இதயத்துக்கும் அது அபாய மணி. ஸ்டாட்டின் எடுக்கிறாரா? ஐம்பது வயதைத் தாண்டிய சிறுநீரக நோயாளிக்குக் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்காமலே கொடுக்கலாம் என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல். டாபாக்ளிஃப்ளோசின் பற்றி அவர் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரைக்கு வந்த மாத்திரைதான், ஆனால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது என்று 2020இல் உறுதியானது. அதே வருடம் இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியது. வாந்தி, பேதி, பட்டினி விரதம் இருக்கும் நாட்களில் மட்டும் அதை நிறுத்திவைக்க வேண்டும். மெட்ஃபார்மின் எடுத்தால் இந்த அளவுக்கு டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும், அதையும் கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் வலி மாத்திரையை அப்பா முதுகு வலிக்கு எடுத்துப் போடுகிற வழக்கம் வீட்டில் உண்டா? தயவுசெய்து பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரில், நீர் போக ஒரு மாத்திரை, அதோடு டைக்ளோபினாக் மூன்றும் சேர்ந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் நின்றுபோகலாம். கோடையில், வியர்வையில் உடல் வற்றியிருக்கும்போது இன்னும் சீக்கிரம். இளநீர் குளிர்ச்சி என்று தினமும் கொடுக்க வேண்டாம், பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் தட்டிலிருந்து போனாலே உப்பில் பெரிய பங்கு குறையும்.

இருவருக்கும் பொதுவாக ஒன்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதற்காகக் காத்திருக்க வேண்டாம். அம்மாவைப் போன்றவருக்கு மாரடைப்பு காரணமில்லாத வியர்வையாக, மூச்சு வாங்கலாக, தாடை வலியாக, "ஒரு மாதிரியா இருக்கு" என்ற சோர்வாக வரலாம். வாயு என்று சோடா குடித்து அரை மணி நேரம் பார்ப்பதில்தான் இதயத் தசை செத்துப்போகிறது. தோளை அசைத்தால், அழுத்தினால் கூடுகிற வலி பெரும்பாலும் மூட்டு. அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருந்து, வியர்வையோ மூச்சு வாங்கலோ சேர்ந்தால் உடனே 108. "ஸ்டென்ட் வைத்தவர்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பெரிய மருத்துவமனை தூரமாக இருந்தால், தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் இன்றே செய்யக்கூடியது: ஒரு நோட்டில் முதல் பக்கத்தில் அம்மாவுக்கு, மறுபக்கத்தில் அப்பாவுக்கு, நோய்களும் மாத்திரைகளும். கத்தரித்த அட்டையை ஏற்காதீர்கள். முழு அட்டை, இல்லையென்றால் பெயர் எழுதின உறை. மூட்டு மருத்துவர், இதய மருத்துவர், சிறுநீரக மருத்துவர் எல்லோரிடமும் அதே நோட்டை நீட்டுங்கள்.

பழனி. அம்மாவுக்கு இப்போது எத்தனை வாரம் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நடைப்பயிற்சி மட்டும் உடனே தொடங்கட்டும்: வீட்டுக்குள், சமதரையில், ஐந்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில், வாரத்துக்கு வாரம் இரண்டிரண்டு நிமிடம் கூட்டி. ஆறு வாரம் போல் கழித்து எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, இதய மருத்துவர் சரி என்று சொன்னால் போய் வரட்டும். மலைக்கு விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது, மேலே ஏற அதில் போகட்டும். முட்டி ஒத்துழைத்தால், இறங்கும்போது கடைசிப் பத்துப் படியை மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கட்டும். கூட நீங்கள் ஒரு படி முன்னால் இறங்குங்கள்.